காரைக்குடி பழம்பொருள் தெருவில் பெஞ்சும் நாற்காலியும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, பழைய கடவுள் படம், கருத்த மரத்தூண் என்று வாசலிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். பெஞ்சும் நாற்காலியும் கடைகளின் பின்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். இந்த மதிப்பீடு அவற்றைப் பற்றி மட்டும். அங்கே கிடைக்கும் தேக்கு பெரும்பாலும் நிஜம்; சொல்லப்படும் வயசு பல நேரம் நிஜமில்லை. மரத்துக்கும், இணைப்புக்கும், உட்காரும் சுகத்துக்கும் தாராளமாகக் காசு கொடுக்கலாம். வருஷக் கணக்குக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

காரணம் எளிது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு கொட்டிக் கிடந்தது உண்மை. ஆனால் அது தூணாகவும் உத்தரமாகவும் நிலைக்கதவாகவும் இருந்ததே தவிர, பெஞ்சாக அதிகம் இல்லை. உட்காரத் திண்ணை இருந்தது, பாய் இருந்தது, மணை இருந்தது. பெஞ்சு என்பது பள்ளிக்கூடம், ரயில் நிலையம், அரசாங்கக் கச்சேரி, கிளப், ஆபீஸ் ஆகிய இடங்களின் சாமான். ஆக, ஒரு வீடு இடிபடும்போது கடைக்கு வந்து சேர்வது கட்டுமான மரம். அதை அறுத்து இழைத்து ஆசாரிகள் பெஞ்சாக்குகிறார்கள்.

எனவே தெருவில் மூன்று வகை உண்டு. முதல் வகை, செய்த நாளிலிருந்து அப்படியே இருப்பது. இரண்டாவது, பலகையோ காலோ மாற்றிச் சரிசெய்தது. மூன்றாவது, பழைய மரத்தில் புதிதாகச் செய்தது. மூன்றாவது வகை மோசடி அல்ல. சொல்லி விற்றால் அது நல்ல பொருள். காய்ந்து அடங்கிய மரம். புது மரம்போல ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளாது. தினமும் நாலு பேர் உட்கார்ந்து எழும் வீட்டுக்கு எங்கள் சிபாரிசு இதுதான். முதல் வகையின் விலையைச் சொல்லி மூன்றாவதை விற்பதுதான் தகராறு.

எது எந்த வகை என்று பார்க்க, பெஞ்சைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். தயங்காமல் கவிழ்ப்பவர் நல்ல கடைக்காரர். அடிப்பக்கம் பாலிஷ் ஏறாமல் சாம்பல் கலந்த பழுப்பில், எங்கும் ஒரே சீராக இருந்தால் வெகுநாள் அப்படியே இருந்தது. மேலே கருப்பு, கீழே ஓரிடத்தில் தேன்நிறம், ஓரிடத்தில் அடர்பழுப்பு என்றால் வெவ்வேறு மரம் சேர்ந்திருக்கிறது. அடியில் சந்திரப்பிறை போல வளைந்த அறுவைக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தில் அறுத்தது. கைரம்பக் கோடு நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் ஓடும். திருகாணியின் தலையில் நட்சத்திர வெட்டு இருந்தால் அந்த ஆணி 1930-களுக்கு முந்தியது அல்ல. வெறும் ஒற்றைக் கோட்டு வெட்டு மட்டும் எதையும் நிரூபிக்காது. அது இன்றும் கடையில் கிடைக்கிறது.

பெஞ்சுக்குத் தேவையே இல்லாத இடத்தில் சதுரத் துளையோ, கீல் பதித்த பள்ளமோ, தாழ்ப்பாள் ஓட்டையோ மரத்தூளும் பசையும் வைத்து அடைபட்டிருந்தால், அந்தச் சட்டம் முன்பு நிலையாகவோ கதவாகவோ இருந்தது. தேய்மானத்தையும் பாருங்கள். மனிதர் உட்கார்ந்து தேய்ந்த பெஞ்சில் பலகையின் முன்விளிம்பு மழுங்கியிருக்கும், கைப்பிடி நுனி வழவழப்பாக இருக்கும், கால்களை ஊன்றிய குறுக்குச் சட்டம் குழிந்திருக்கும், கால்களின் அடி சிதைந்திருக்கும். நாலு மூலையும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை.

ரயில்வே பெஞ்சு என்று ஒன்று தனி விலைக்குப் போகிறது. சாய்மானத்தில் தென்னிந்திய ரயில்வேயின் எஸ்.ஐ.ஆர். எழுத்து வெட்டியிருக்கும். அந்த நிறுவனம் 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கலந்துவிட்டது. எனவே எழுத்து அசல் என்றால் பெஞ்சு அதற்கு முந்தியது. எழுத்து அசலா என்பதே கேள்வி. வெட்டின் உட்பள்ளத்தில் பழைய பெயின்ட் அடுக்கு படிந்திருக்க வேண்டும். விளிம்பு விரலை உறுத்தக் கூடாது. பள்ளத்தின் உள்ளே மரம் வெளிறி, விளிம்பு கூராக இருந்தால் உளி பட்டு ரொம்ப நாளாகவில்லை. எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எழுத்தின் மேல் முதுகு சாய்ந்து உட்காரவும் வசதிப்படாது.

மரம் எது என்று கேட்டால் தெருவில் எல்லாமே பர்மாத் தேக்குதான். தேக்கில் நீளவாட்டில் தெளிவான ரேகை, தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் நகத்தளவு இழைத்தால் பழைய தோல் பொருள்போல ஒரு வாசம் இருக்கும். ஈட்டி (ரோஸ்வுட்) கனம்; ஊதா கலந்த கருப்பு வரி ஓடும். வேங்கையில் ஈரம் பட்டால் மஞ்சள் கறை இறங்கும். பலா புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன்பழுப்பாகும். மலையாளப் பக்கத்துச் சாய்வு நாற்காலிகளில் அதிகம். வேங்கையும் பலாவும் மட்டமான மரங்கள் அல்ல. தேக்கு விலையில் வாங்காமல் இருந்தால் சரி. பர்மாத் தேக்கா, நம் மலைத் தேக்கா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு வைரம் பாய்ந்த உள்மரம் எவ்வளவு, வெளிச்சுற்றில் இருக்கும் மெத்தென்ற வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள்.

விலை பேசும் முன் கன அடிக் கணக்குப் போடுங்கள். ஆறடி நீளம், 16 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள பலகை சரியாக ஒரு கன அடி. மூன்று அங்குலச் சதுரக் கால்கள் நாலும் சேர்ந்து ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சுற்றுச்சட்டம் நாலும் ஏறத்தாழ அதே அளவு. மொத்தம் ஒன்றே முக்கால் கன அடி. காய்ந்த தேக்கு கன அடிக்கு 18 கிலோ அளவில் இருக்கும். எனவே இந்தப் பெஞ்சு 30 கிலோவைத் தாண்ட வேண்டும். ஒரு கையால் ஒரு முனையை அலட்சியமாகத் தூக்க முடிந்தால் உள்ளே வேறு மரம் இருக்கிறது, அல்லது கனம் குறைவு. உங்கள் ஊர் மரக்கடையில் பழைய தேக்கு கன அடி என்ன விலை என்று முன்பே கேட்டு வையுங்கள். அதை ஒன்றே முக்காலால் பெருக்கி, அறுவையில் போகும் கழிவுக்குக் கால் பங்கு சேர்த்து, ஆசாரியின் நாலைந்து நாள் கூலியையும் கூட்டினால் மூன்றாவது வகைப் பெஞ்சின் நியாய விலை வந்துவிடும். சொல்லும் விலை அதைவிட எவ்வளவு கூடுதலோ, அது வயசுக்குக் கேட்கும் விலை. அந்த வயசுக்குக் கடைக்காரர் என்ன அத்தாட்சி காட்டுகிறார் என்று கேளுங்கள்.

இணைப்புதான் பெஞ்சின் உயிர். பழைய வேலையில் சட்டத்தின் கழுந்து, அதாவது செதுக்கிய நுனி, காலின் துளைக்குள் போய், குறுக்கே ஒரு மர ஆணியோ மூங்கில் ஆணியோ இறங்கியிருக்கும். பெஞ்சைச் சமதளத்தில் வைத்து, ஒரு முனையில் நின்று, பலகையை நீளவாட்டில் தள்ளி இழுங்கள். கால் இன்ச் ஆட்டம் என்றால் கழுந்து சுருங்கியிருக்கிறது, சரிசெய்யலாம். ஆட்டத்தோடு ‘கிறீச்’ என்று இரும்புச் சத்தம் வந்தால் யாரோ எல்-ஆங்கிளும் கம்பி ஆணியும் அடித்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். இது மோசமான வைத்தியம். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், இரும்பு அசையாது. கடைசியில் ஆணி இருக்கும் இடத்தில் கால் பிளக்கும். சரியான வழி, மர ஆணியைத் தட்டி எடுத்து, இணைப்பைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, கழுந்தின் பக்கத்தில் மெல்லிய தேக்குச் சில் ஒட்டித் தடிப்பாக்கி மறுபடி இறுக்குவது. ஒட்டும் முன் இரு பக்கத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டிய இடம் விட்டுவிட்டது என்ற புகார்களில் பலவும் இதனால்தான்.

ஆறடிப் பலகைக்கு ஒரு இன்ச் கனம் போதாது. நடுவில் குறுக்குத் தாங்கல் இல்லாவிட்டால் வயிறு தொங்கும். ஏற்கெனவே தொங்கிய பலகையைக் கவிழ்த்துப் பூட்டி விற்பதும் உண்டு. கண்ணை விளிம்பு மட்டத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் மேடு தெரியும்.

உளுப்பு விஷயத்தில் கருணையே வேண்டாம். குண்டூசித் தலையளவு துளைகள், கீழே மாவு போன்ற தூள்: வண்டு உள்ளே இருக்கிறது. வைரப் பகுதியில் துளை அபூர்வம். வெள்ளைப் பகுதியைத்தான் அது தின்னும். துளைகளின் உட்புறம் கருத்து, தூள் எதுவும் விழாவிட்டால் பழைய கதையாக இருக்கலாம். சோதிக்க ஒரே வழி, பெஞ்சின் அடியில் கருப்புத் தாள் விரித்து இரண்டு மூன்று வாரம் விடுவது. கடையில் அது நடக்காது. எனவே வீட்டுக்கு வந்ததும் மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் வண்டுக்கு நல்ல மருந்துதான். ஆனால் பாலிஷ் மேல் பூசினால் ஒரு பயனும் இல்லை. பாலிஷ் இல்லாத வெறும் மரத்தில் மட்டுமே இறங்கும். அடிப்பக்கம் பாலிஷ் இல்லாமல் இருப்பது இங்கே வசதி. கத்தி நுனியால் காலின் அடியைக் குத்திப் பாருங்கள். ஈரத்தரையில் நின்ற பெஞ்சுகளின் கடைசி இரண்டு அங்குலம் அடிக்கடி பஞ்சாக இருக்கும். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு இணைக்கலாம். வெட்டிவிட்டு அப்படியே விற்றால் பெஞ்சு குள்ளமாகிவிடும்.

குள்ளம் என்றதும் அளவு. சாப்பாட்டு மேசைக்கு என்றால் இருக்கை 17 முதல் 18 அங்குல உயரம். மேசையின் மேல்மட்டம் 30. இடைவெளி 12 அங்குலம் இருந்தால் தொடையும் நுழையும், கையும் சௌகரியமாக எட்டும். மேசைக்கு அடியில் சட்டம் இறங்கியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 20 முதல் 24 அங்குல அகலம் வேண்டும். ஐந்தடிப் பெஞ்சு மூன்று பேருக்குத்தான். “நாலு பேர் தாராளமா உட்காரலாம் சார்” என்பது கடைக் கணக்கு. சாய்மானம் இல்லாத பெஞ்சுக்கு 12 அங்குல ஆழம் போதும். சாய்மானம் உள்ளதில் 16 முதல் 18 அங்குலம். சாய்மானம் செங்குத்தாக இருந்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவீர்கள். பின்னால் கொஞ்சமாவது சரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட பெஞ்சுகளை அளக்காமல் வாங்கவே கூடாது. சின்ன வகுப்புக்குச் செய்தவை 13, 14 அங்குலம்தான் இருக்கும். செருப்பு போட உட்கார வாசலில் வைக்கலாம், அவ்வளவே.

சாய்வு நாற்காலிகளில் தெருவின் கையிருப்பு நன்றாகவே இருக்கிறது. தோட்டத் துரைமார் நாற்காலி எனப்படும் வகையில் கைப்பிடிக்கு அடியிலிருந்து இரண்டு பலகைகள் முன்னால் திரும்பி நீளும். கால்களை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். நீட்டினால் ஐந்தடிக்கு மேல் இடம் பிடிக்கும். அடுக்குமாடி ஹாலில் வழி அடைபடும். அந்தப் பலகை திரும்பும் போல்ட்டுதான் முதலில் தேய்கிற இடம். பலகையை முழுக்க நீட்டி நுனியை அழுத்துங்கள். இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கினால் துளை பெருத்திருக்கிறது. இருக்கை 14, 15 அங்குலத்தில் தாழ்ந்து பின்னால் சரிவதால் மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு எழுவது சிரமம். தாத்தாவுக்குப் பரிசாக வாங்குகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். துணி மாட்டும் ஈசிசேரில் பின்சட்டத்தின் பல்வெட்டுகள் மழுங்காமல் இருக்கிறதா, துணி கோர்க்கும் கம்பு வளையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதன் மடிப்பு விரலைக் கடிக்கும்.

பிரம்புப் பின்னலில் இரண்டு ரகம். சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு ஒவ்வொரு இழையாகக் கையால் பின்னுவது ஒன்று: நீளத்தில் இரண்டு சுற்று, அகலத்தில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு, கடைசியில் ஓரக்கட்டு. தயாராகப் பின்னிய தாளைச் சட்டத்தின் காடியில் வைத்துப் பிரம்பு அடித்து இறுக்குவது இன்னொன்று. முதலாவது பழுதானால் பிரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், சட்டத்தைப் பாருங்கள். துளைக்குத் துளை விரிசல் ஓடியிருந்தால் புதுப் பின்னல் போட்டு இழுக்கும்போது சட்டம் பிளந்துவிடும். அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள். பின்னல் தொய்ந்திருக்கிறது, ஆனால் இழை அறவில்லை என்றால் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து ஒரு நாள் காயவிட்டால் இறுகும். மேல்பக்கம் பளபளப்பான தோல். அதில் தண்ணீர் ஏறாது. ஏ.சி. அறையில் பிரம்பு வறண்டு நொறுங்கும். மாதம் ஒருமுறை இதே போல அடியில் ஈரத்துணி போடுங்கள். பிளாஸ்டிக் வயர் பின்னலைப் ‘புதுப் பிரம்பு’ என்று சொல்பவர்களிடம் நகத்தால் கீறிக் காட்டச் சொல்லலாம்.

வளைமர நாற்காலிகள் இந்தத் தெருவின் விசேஷம். வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டில் முடிந்துவிடும். கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி. உலகம் முழுக்கக் கப்பலேறியதன் ரகசியம் அதுதான். 1869-இல் காப்புரிமை முடிந்ததும் பலரும் செய்யத் தொடங்கினார்கள். எனவே வளைந்திருக்கும் எல்லாமே தோனெட் அல்ல. இருக்கை வளையத்தின் உட்பக்கம் முத்திரையோ காகிதச் சீட்டோ தேடுங்கள். மரம் ஐரோப்பிய பீச். நம் ஊர் வண்டுக்குக் கற்கண்டு. திருகுத்துளை பெருத்துப்போய் ஆடும் நாற்காலிக்குப் பெரிய திருகு போடுவது தவறு. துளையில் கெட்டி மரத்தக்கை ஒட்டி, பழைய அளவுத் திருகையே ஏற்ற வேண்டும். வளைவில் நீளவாட்டு விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். அதை ஆவியில் வளைத்துத் திருப்பிச் செய்ய ஆள் கிடைப்பது கடினம்.

ஊஞ்சல் வாங்குகிறவர்கள் பலகையைப் பார்க்கிறார்கள், சங்கிலியை விட்டுவிடுகிறார்கள். வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கம் பாதி தேய்ந்திருந்தால் அந்தச் சங்கிலி அலங்காரத்துக்கு மட்டும். காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, பூச்சு. ஆறடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலப் பலகையே 36 கிலோ. மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் 240-ஐத் தொடும். ஆடும்போது சுமை இன்னும் ஏறும். கூரைக் கொக்கி மொத்தத்தில் 500 கிலோவாவது தாங்க வேண்டும். கட்டி முடித்த கான்கிரீட்டில் துளையிட்டு மாட்டும் முன் பொறியாளரிடம் காட்டுங்கள். முன்னும் பின்னும் மூன்றடி காலியிடம் வேண்டும்.

பாலிஷ் என்ன போட்டிருக்கிறது என்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ்: காபி டம்ளர் வெள்ளை வளையம் போடும், ஆனால் மேலேயே திருத்திக்கொள்ளலாம். அசையாவிட்டால் மெலமைனோ பி.யு.வோ (பாலியூரிதேன்): கறை படாது, உரிந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். பழைய பெயின்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் கழுவியிருந்தால் மரம் மொரமொரவென்று நார் எழும்பி, இணைப்புகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதன்மேல் போட்ட பாலிஷ் நிற்காது. வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் காயவிட்ட பிறகே பாலிஷ். பச்சை, நீலப் பெயின்ட் உரிந்த பெஞ்சை அழகு என்று அப்படியே படுக்கையறையில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை பாருங்கள்: உலர்ந்த உப்புத்தாள் கூடாது, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. பில்லில் ‘நூற்றாண்டுப் பழமை’ என்று பெருமைக்கு எழுதி வாங்கினால் சுங்கத்தில் அதுவே தடையாகும். நிஜமாகவே பழசு இல்லாத பெஞ்சுக்கு, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம். ஈட்டி என்றால் அருகிவரும் உயிரினங்களுக்கான அனுமதியும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் ஒரு துளையில் தூள் இருந்தாலும் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

உள்ளூருக்கு லாரி பார்சல் போதும். கால்கள் பிரியும் பெஞ்சைப் பிரித்தே அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் காலிலும் சட்டத்திலும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் வெட்டிய கழுந்து அதனதன் துளைக்கு மட்டும்தான் பொருந்தும். சாக்குச் சுற்றி, மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பாலிஷ் வெளுக்கும். பாக்கிப் பணத்தைச் சாமான் வந்து சேர்ந்தபின் தருவதாகப் பேசினால் பல கடைகள் ஒத்துக்கொள்கின்றன. ஒத்துக்கொள்ளாத இடத்தில், கவிழ்த்துப் பார்த்த அடிப்பக்கத்தின் படத்தைப் பில்லோடு வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.